பிரேமைக் கழற்றாமல் வையுங்கள்: பழைய சோலார் பேனலை என்ன செய்வது?

கேள்வி: பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். 2013-ல் கூரைமேல் 10 கிலோவாட் சோலார் போட்டோம். 250 வாட் பேனல்கள் 40. போன ஆடிக் காற்றில் பக்கத்து ஷெட்டின் தகரம் பறந்து வந்து விழுந்ததில் 6 பேனல்களின் கண்ணாடி நொறுங்கிவிட்டது. வேறு சிலவற்றில் பழுப்புக் கறையும் பின்பக்கத்தில் வெடிப்பும் தெரிகிறது. போட்டுக் கொடுத்த கம்பெனி இப்போது இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர், "பிரேமைக் கழற்றிக் கொடுங்க, அலுமினிய விலைக்கு எடுத்துக்கறேன், கண்ணாடி எனக்கு வேண்டாம்" என்கிறார். கண்ணாடியைப் பாழுங்கிணற்றில் போட்டு மண்ணைத் தள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை. நன்றாக இருப்பவற்றை ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போடலாமா? இதில் விஷம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? மொத்தத்தையும் மாற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நல்லதா?

பதில்: முதலில் பழைய இரும்புக் கடை விஷயம், ஏனென்றால் அதில் கை வைத்துவிட்டால் மற்ற வழிகளெல்லாம் அடைபட்டுவிடும். பிரேமைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். உடைந்த பேனலானாலும் சரி, நல்ல பேனலானாலும் சரி.

காரணத்தை எடைக் கணக்கில் பார்ப்போம். உங்கள் 250 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 18.5 கிலோ இருக்கும். நீளம் 1.65 மீட்டர், அகலம் 0.99 மீட்டர், கண்ணாடி 3.2 மில்லிமீட்டர் தடிமன். கணக்குப் போட்டால் கண்ணாடி மட்டுமே 13 கிலோ வரும். அலுமினியப் பிரேம் 2 கிலோவுக்குச் சற்று முன்பின். செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் ஈவிஏ என்ற பிளாஸ்டிக்கும் பின்பக்க ஷீட்டும் சேர்ந்து 2 கிலோவுக்கு உள்ளே. சிலிக்கான் முக்கால் கிலோகூட இல்லை. மீதி ஜங்ஷன் பாக்ஸ், கேபிள், செம்புப் பட்டை. கடைக்காரருக்கு வேண்டியது அந்த 2 கிலோ அலுமினியமும் கேபிளில் உள்ள செம்பும். அவர் எடுத்துக்கொண்டு போன பிறகு உங்கள் கையில் 16 கிலோ கிடக்கும். 40 பேனலுக்கு அது 600 கிலோவைத் தாண்டும். அந்த மிச்சத்தை மறுசுழற்சிக்காரர்கள் வாங்கத் தயங்குவார்கள், வாங்கினாலும் உங்களிடமே காசு கேட்பார்கள். அலுமினியம்தான் அவர்களுக்கு உடனே பணமாகும் பகுதி. லாரி வாடகையும் பிரித்தெடுக்கும் செலவும் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

இன்னொரு காரணம் கண்ணாடியின் குணம். பேனல் கண்ணாடி டெம்பர் செய்தது. நடுவில் ஆள் முழங்காலை ஊன்றினாலும் தாங்கும், ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் முழுதும் பொரிந்துபோகும். அந்த ஓரம்தான் பிரேமின் பள்ளத்துக்குள் சிலிக்கோன் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரையும் சுத்தியலையும் வைத்து மூலையை நெம்பினால் நல்ல பேனலும் உடைந்துவிடும். உடைந்த பேனலில் பிரேமையும் எடுத்துவிட்டால் அது கோரைப்பாய் போலத் தொய்ந்து, தூக்கும்போதெல்லாம் சில்லுகளை உதிர்த்துக்கொண்டே வரும். மறுசுழற்சி ஆலையில் நாலு பக்கப் பிரேமையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக இழுக்கும் ஹைட்ராலிக் இயந்திரம் வைத்திருப்பது இதனால்தான்.

பாழுங்கிணறு யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். விஷம் உண்டா என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. உங்களுடையது சிலிக்கான் செல் பேனல். அதில் கவலைப்பட வேண்டிய பொருள் ஈயம். செல்லுக்குச் செல் ஓடும் செம்புப் பட்டையின் மேல் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு பூசியிருக்கும். அந்தக் காலத்துப் பேனல் ஒன்றில் ஈயம் பத்து கிராம் அளவில் இருக்கும். கண்ணாடியும் பின் ஷீட்டும் முழுதாக இருக்கும்வரை அது வெளியே வராது. தொட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ ஒன்றும் ஆகாது. கண்ணாடி பொரிந்து, மழைநீர் உள்ளே போய், மாதக்கணக்கில் ஊறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஈவிஏ பிளாஸ்டிக் ஈரத்திலும் வெயிலிலும் சிதையும்போது அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் உள்ள அதே அமிலத்தை, வெளியிடும். அமிலம் ஈயக் கரைசலை வேகப்படுத்தும். கிணற்றில் போடுவதென்றால் நிலத்தடி நீருக்கு நேர்வழி போட்டுக் கொடுப்பது. பாழுங்கிணறு வறண்டிருக்கலாம், அதன் அடிப்பாறை வெடிப்பு பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லோடு சேர்ந்திருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எரிப்பது இதைவிட மோசம். பின் ஷீட்டில் பல கம்பெனிகள் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தியிருக்கின்றன. குப்பையோடு போட்டுக் கொளுத்தினால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு வரும். கண்ணையும் நுரையீரலையும் அரித்துவிடும். செம்பு எடுக்கக் கேபிளை மட்டும் தனியாகக் கொளுத்துகிறவர்களும் உண்டு. கடைக்காரர் அதைச் செய்வார் என்று தெரிந்தால் கேபிளைக்கூடக் கொடுக்காதீர்கள்.

"சோலாரில் கேட்மியம் இருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வேறு ரகப் பேனலைப் பற்றியது. செல் சதுரங்களே தெரியாமல், முழுதும் ஒரே கருப்பாக, மெல்லிய கோடுகள் மட்டும் ஓடுகிற, முன்னும் பின்னும் கண்ணாடியாக உள்ள மெல்லிய படலப் பேனல்கள் அவை. 2010-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தேசிய சூரிய மின்திட்டத்தின் பெரிய நிலையங்கள் பலவற்றில் அவை இறக்குமதியாகிப் பொருத்தப்பட்டன. உங்கள் கூரையில் நீலச் சதுரங்கள் தெரிகின்றன என்றால் அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. அந்த ரகம் வைத்திருக்கும் வேறு வாசகர்கள் அதைத் தயாரித்த கம்பெனியையே கேட்க வேண்டும்; வேறு யாரிடமும் போக வேண்டாம்.

இனிக் கழற்றும் வேலை. உங்கள் 40 பேனல்கள் பெரும்பாலும் 20, 20 ஆக இரண்டு ஸ்ட்ரிங்காக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த இரண்டு வரிசையாக, இருக்கும். 60 செல் பேனல் ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதனோடும் இணைக்காதபோது முனைகளில் உள்ள அழுத்தம், 37.6 வோல்ட் என்று வைத்தால், 20 சேர்ந்து 750 வோல்ட் டிசி. வெளிச்சம் இருக்கும்வரை இதை "ஆஃப்" செய்யவே முடியாது. சுவிட்சை அணைத்தாலும் பேனலிலிருந்து சுவிட்ச் வரைக்கும் அந்த அழுத்தம் நின்றுகொண்டுதான் இருக்கும். கண்ணாடி உடைந்த பேனலும் மின்சாரம் கொடுக்கும். அதுவும் மழை நனைத்திருந்தால் பிரேமிலேயே ஷாக் அடிக்கலாம். வீட்டு ஏசி லைன் வேலை செய்து பழகிய எலக்ட்ரீஷியன்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஏசி மின்னோட்டம் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் பொறி தானே அணையும். டிசி பொறி அப்படி அணையாது, கனெக்டரை இழுத்த இடைவெளியில் வெல்டிங் போல நின்று எரியும்.

ஆகவே வரிசை இது. இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை முதலில் இறக்குங்கள். பிறகு டிசி ஐசோலேட்டர், அதாவது பேனல் பக்கத்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். கிளாம்ப் மீட்டரை ஸ்ட்ரிங் கேபிளில் மாட்டி ஆம்பியர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் இல்லையென்றால் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது, அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். பூஜ்யம் என்றால், பேனல்கள் மேல் கெட்டியான தார்பாயைப் போட்டு, பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களை அதற்குரிய ஸ்பானரால் விடுவியுங்கள். முதலில் ஸ்ட்ரிங்கின் நடுவில் ஒரு கனெக்டரைப் பிரித்துவிட்டால் 750 வோல்ட் இரண்டு பாதியாகிவிடும். அதன் பிறகு ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பிரிந்த முனைகளில் உடனே மூடி போடுங்கள், மூடி இல்லையென்றால் இன்சுலேஷன் டேப். எர்த் ஒயரைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். விடிந்தவுடன் அல்லது ஐந்து மணிக்கு மேல் செய்வது நல்லது. ஆடி, ஆவணிக் காற்றில் செய்யவே வேண்டாம். ஒன்றரை சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள பலகையைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஊர்க் காற்றில் தகரக் கூரையில் நடப்பது விபரீதம்.

கழற்றுவதற்கு முன்பே இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, காற்று, தீ இவற்றுக்கான காப்பீட்டில் சோலாரும் சேர்ந்திருந்தால், பேனல்கள் கூரையில் இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துத் தகவல் சொல்லிவிடுங்கள். இரண்டு, ஒவ்வொரு பேனலின் பின்பக்க லேபிளையும், வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி, படம் எடுத்து வையுங்கள். போட்டவர் கடையை மூடியிருக்கலாம். பேனல் செய்த கம்பெனி இருக்கலாம். அன்றைய வாரண்டிகள் பெரும்பாலும் 10 ஆண்டுக்கு 90 சதவீதம், 25 ஆண்டுக்கு 80 சதவீதம் திறன் என்று எழுதப்பட்டவை. தகரம் விழுந்து உடைந்ததற்கு அது பொருந்தாது. பின் ஷீட் வெடித்துத் திறன் விழுந்தவற்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம். லேபிள் இல்லாத பேனலுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

பேனல்கள் கீழே வந்ததும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்: உடைந்தது, சந்தேகமானது, நல்லது. உடைந்த 6 பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. மற்ற 34-ல்தான் உங்கள் பணம் இருக்கிறது. இங்கே நேரம் செலவிடுங்கள்.

முதலில் கண்ணால். பின் ஷீட்டை விரலால் தடவுங்கள். சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஒட்டினால் மேல்பூச்சு தேய ஆரம்பித்திருக்கிறது. நீளவாக்கில் வெடிப்பு இருந்து, அதன் வழியே உள்ளே செல் தெரிந்தால் அது கழிவுதான். எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் மறுபடி மாட்டாதீர்கள். ஈவிஏ இளமஞ்சளாக மாறியிருப்பது வயது. ஒரே ஒரு செல் மட்டும் காபிக் கறை போலக் கருத்திருந்தால் அது ஹாட்ஸ்பாட், அந்த ஒரு செல் மட்டும் அதிகமாகச் சூடாகிறது. அதற்கு நேர் பின்னால் ஷீட் பொங்கியோ கருகியோ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதுவும் கழிவு. நத்தை ஊர்ந்ததுபோல செல்மேல் ஓடும் கோடுகளைக் கண்டு பயப்பட வேண்டாம். கோடு மட்டும் வைத்து ஒரு பேனலைத் தள்ளிவிட முடியாது, மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மீட்டரில் பலர் தடுமாறும் இடம் ஒன்று. லேபிளில் 37.6 வோல்ட் என்று போட்டிருக்கும், நண்பகலில் அளந்தால் 33.5 வரும், "நாலு வோல்ட் போச்சு, பேனல் செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். லேபிள் எண் 25 டிகிரி செல்சியசில் அளந்தது. வெயிலில் செல் 60 டிகிரிக்குச் சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 சதவீதத்துக்குச் சற்று மேல் மின்னழுத்தம் இறங்கும். 35 டிகிரி வித்தியாசத்துக்கு 11 சதவீதம் போய், 33.5 வருவதே சரி. கவலைப்பட வேண்டிய எண் 22. அதாவது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போவது. 60 செல்களும் 20, 20, 20 ஆகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஜங்ஷன் பாக்ஸில் ஒரு பைபாஸ் டயோடு இருக்கிறது. ஒரு டயோடு ஷார்ட் ஆகிவிட்டால் அந்தப் பகுதி முழுதும் கணக்கில் வராது. பாக்ஸுக்குள் பசை ஊற்றி அடைக்காத ரகமாக இருந்தால் மூடியைத் திறந்து அதே அளவு ஷாட்கி டயோடை மாற்றலாம். 15 ஆம்பியர், 45 வோல்ட் ரகம் எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் கடையில் கிடைக்கும், விலையும் சொற்பம். பேனலைக் கவிழ்த்து வைத்துத்தான் திறக்க வேண்டும். மாற்றிய பிறகு மூன்றில் ஒரு பங்கு திரும்பி வந்தால் பேனல் பிழைத்தது. வராவிட்டால் உள்ளே பட்டை விட்டுப்போயிருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியில்லை.

மின்னழுத்தம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. தேய்ந்துபோன பேனலும் மீட்டரில் அழகாகக் காட்டும். அடுத்து ஷார்ட் சர்க்யூட் ஆம்பியர். பேனலைத் தார்பாயால் மூடி, அதன் பிளஸ், மைனஸ் எம்சி4 இரண்டையும் ஒன்றோடொன்று சொருகி, தார்பாயை விலக்கி, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி மட்டுமே அளக்கும், வாங்கும்போது பாருங்கள். அளந்ததும் மறுபடி மூடிவிட்டுத்தான் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். லேபிளில் 8.7 ஆம்பியர் என்றால் நல்ல வெயிலில் ஏழரை வரலாம். மேகம் ஒன்று கடந்தால் ஐந்தாகும். ஆகவே எண்ணை லேபிளோடு ஒப்பிடாமல், சந்தேகமே இல்லாத ஒரு நல்ல பேனலைப் பக்கத்தில் அதே சாய்வில் வைத்து, ஒன்றிரண்டு நிமிட இடைவெளிக்குள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளப்பது முக்கியம். தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசியே பத்து சதவீதத்தை விழுங்கிவிடும். நல்லதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தேகக் குவியலுக்கு.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, ஆனால் மறுபயன்பாட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. இரண்டு முனைகளையும் ஒன்று சேர்த்து, அதற்கும் பிரேமுக்கும் நடுவில் 500 வோல்ட் மெகர் என்ற மீட்டரால் இன்சுலேஷன் அளக்க வேண்டும். பரப்போடு பெருக்கினால் 40 மெகா ஓம் சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பேனல் தரச் சோதனையின் அளவு; உங்கள் பேனல் 1.63 சதுர மீட்டர், ஆக 25 மெகா ஓம். காய்ந்திருக்கும்போது எல்லாமே தேறும். பிரேம் ஓரத்தையும் பின் ஷீட்டையும் ஜங்ஷன் பாக்ஸைச் சுற்றியும் தண்ணீர் தெளித்துவிட்டு அளந்தால்தான் உண்மை வெளிவரும். மெகர் அழுத்தம் கையில் பட்டால் அடிக்கும், ஆகையால் இதைத் தொழில் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். இதில் தோற்ற பேனலை யாருக்கும் விற்கவும் கூடாது, இனாமாகக் கொடுக்கவும் கூடாது.

சுமையோடு எவ்வளவு வாட் தருகிறது என்பதை உறுதியாகச் சொல்ல ஐ-வி டிரேசர் என்ற கருவி வேண்டும். சோலார் நிலையங்களைப் பராமரிக்கும் நிறுவனங்களிடம் அது இருக்கும். 34 பேனலுக்கு அழைப்பது கட்டுப்படியாகுமா என்பது, அவற்றை நீங்களே ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. நீங்களே ஓட்டுவதென்றால் தேவையில்லை.

ஓட்டலாம் என்பதுதான் என் கருத்து. ஆண்டுக்கு 0.5 முதல் 0.8 சதவீதம் வரை தேய்வது இயல்பு. 2013-ல் போட்ட பேனல் இன்றும் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டித் தந்துகொண்டிருக்க வேண்டும். நல்லவை 34-ம் தேறினால் 17, 17 ஆக இரண்டு ஸ்ட்ரிங் போடலாம். ஓடும்போது ஒரு ஸ்ட்ரிங்குக்கு 500 வோல்ட்டுக்கு மேல் வரும், சூடான நாளில் அது கொஞ்சம் இறங்கும், உங்கள் இன்வெர்ட்டரின் எம்பிபிடி (பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை இழுக்கும் பகுதி) எல்லைக்குள் அது இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். 30 தேறினால் 15, 15. இரண்டு ஸ்ட்ரிங்கும் ஒரே எம்பிபிடியில் இணைந்திருந்தால் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். உடைந்த இடத்தில் இன்றைக்குக் கிடைக்கும் 550 வாட் பேனலைச் சொருகச் சொல்லி யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது 13 ஆம்பியர் ரகம், உங்களுடையது 8 ஆம்பியர் ரகம். ஒரே ஸ்ட்ரிங்கில் போனால் புதியதும் எட்டுக்கே அடங்கிப்போகும். எண்ணிக்கை குறைந்ததை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நெட் மீட்டர் ஒப்பந்தத்தில் உள்ள கிலோவாட்டும் கூரையில் உள்ளதும் பொருந்த வேண்டும்.

ஆட்டுக் கொட்டகை: உடைந்ததும் வெடித்ததும் கூடவே கூடாது, காரணம் மேலே சொன்னதுதான், அந்தக் கூரைத் தண்ணீரை ஆடு குடிக்கும். முழுதாக இருப்பது கூரையாகப் போகலாம். ஆனால் வெயில் பட்டால் அது கரண்ட் உற்பத்தி செய்துகொண்டே இருக்கும் கூரை. தொங்கும் கேபிளை ஆடு மென்றுவிடும். கேபிளை மடித்துப் பிரேமுக்குள் கட்டி, கனெக்டருக்கு மூடி போட்டு, பிரேமை எர்த் செய்தால்தான் சரி. அதைவிட, இரண்டை அதே கொட்டகையில் விளக்குக்கும் தோட்டத்து வேலி விளக்குக்கும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். 60 செல் பேனலை 12 வோல்ட் பேட்டரியோடு சாதாரண பிடபிள்யூஎம் ரக சார்ஜ் கண்ட்ரோலரில் இணைத்தால் பாதிக்கு மேல் வீணாகும். எம்பிபிடி கண்ட்ரோலர் போடுங்கள்.

இனி, கழிவென்று ஒதுக்கியவை. ஆலைக்குப் போகும்வரை வைத்திருக்கும் முறை: கூரை உள்ள இடம், சிமெண்டுத் தளம், கீழே மரப்பலகை. மழை படக்கூடாது என்பதுதான் முக்கியம். உடைந்த பேனலின் கண்ணாடிப் பக்கம் முழுதையும் பிளாஸ்டிக் ஸ்ட்ரெச் ஃபிலிமால் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். உங்கள் தறிக் கூடத்தில் துணி பீஸ் சுற்ற வைத்திருக்கும் அதே ஃபிலிம் போதும். கண்ணாடி உடையாதவற்றை நீளப் பக்கம் தரையில் இருக்கும்படி நிறுத்தி, இடையில் அட்டை வைத்து, பட்டி போட்டு இறுக்குங்கள். படுக்கவைத்து அடுக்கினால் ஜங்ஷன் பாக்ஸ் அடுத்த பேனலின் கண்ணாடியை அழுத்தாமல் மூலைகளில் கட்டை கொடுங்கள். கையாளுகிறவர்களுக்கு வெட்டுப்படாத கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூடிய செருப்பு. சில்லுகளைத் துடைப்பத்தால் கூட்டும் முன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கூட்டியதைச் சாக்கில் கட்டி அதே பேனல்களோடு அனுப்புங்கள், ஊராட்சிக் குப்பை வண்டியில் போடாதீர்கள்.

யாரிடம் கொடுப்பது? சட்ட நிலை இதுதான். 2022 நவம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், சோலார் பேனலையும் முதன்முறையாக உள்ளே கொண்டுவந்தன. பேனல் செய்கிறவர்களும் இறக்குமதி செய்கிறவர்களும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2034-35 வரை சேரும் பேனல் கழிவை விதிமுறைப்படி சேமித்து வைக்க வேண்டும். கவனியுங்கள், சேமித்து வைக்க. கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் ஆண்டுக்கு இத்தனை டன் மறுசுழற்சி செய்தே தீர வேண்டும் என்று உள்ள இலக்கு, பேனலுக்கு அப்படி வைக்கப்படவில்லை. ஆலைகள் குறைவாகவும், சிறிய அளவில் கொடுப்பவருக்கு வரவேற்பு மந்தமாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். சரக்கு வராமலில்லை. டெல்லியின் சிஇஇடபிள்யூ ஆய்வு நிறுவனம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2023 மார்ச் வரை இந்தியாவில் நிறுவப்பட்ட சோலார்களிலிருந்து மட்டுமே 2030-க்குள் கழிவு 3.4 லட்சம் டன்னைத் தொடும். அதில் மூன்றில் இரண்டு பங்கு ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய ஐந்து மாநிலங்களில்.

உங்களைப்போல 40 பேனல் வைத்திருப்பவர் அந்த விதிகளில் 'பெரு நுகர்வோர்' அல்ல; அதற்கு ஓர் ஆண்டில் ஆயிரம் மின்னணுப் பொருள்களாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே தளத்தில் பதிவு, ஆண்டறிக்கை எதுவும் உங்களுக்கு இல்லை. செய்ய வேண்டியது, பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் கொடுப்பது. மத்திய வாரியத்தின் மின்னணுக் கழிவுத் தளத்தில் பதிவுபெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது; தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. பலருடைய அனுமதி கம்ப்யூட்டர், டிவி, ஃபிரிட்ஜோடு நின்றுவிடும். "உங்கள் அனுமதியில் சோலார் பேனல் என்ற வகை இருக்கிறதா, நகல் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். "டிஸ்மாண்ட்லர்" (பிரித்தெடுப்பவர்) என்ற சான்றிதழை யாராவது காட்டினால் அது பழைய விதிகளின் காலத்துச் சரக்கு. 2022 விதிகளில் அப்படி ஒரு பதிவு வகையே கிடையாது.

போனில் இன்னொன்றும் கேளுங்கள்: "பிரேமை எடுத்த பிறகு மிச்சத்தை என்ன செய்கிறீர்கள்?" ஒழுங்கான ஆலை என்றால் பதில் தயாராக இருக்கும். கண்ணாடியைச் சூடான கத்தியால் உரித்து எடுக்கிறோம், அல்லது அரைத்துச் சலிக்கிறோம், அல்லது 500 டிகிரி சூளையில் பிளாஸ்டிக்கை ஆவியாக்கி, புகையைக் கழுவி, கண்ணாடியையும் செல்லையும் பிரிக்கிறோம் என்று ஏதாவது ஒரு முறையைச் சொல்வார்கள். "எல்லாத்தையும் பாத்துக்கறோம்" என்பது பதிலல்ல. கண்ணாடி எங்கே போகிறது என்பதையும் கேட்கலாம். பேனல் கண்ணாடியின் நிறத்தைத் தெளிவாக்க ஆன்டிமனி சேர்ப்பது வழக்கம். அதனால் பாட்டில் செய்கிறவர்கள் அதை வாங்க யோசிப்பார்கள். வேறெங்காவது மலிவாகத்தான் போகும்.

வெள்ளி இருக்கிறதாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உண்மைதான், 2013 காலத்துப் பேனல் ஒன்றில் 6 கிராமாவது இருக்கும். ஆனால் அது 60 செல்களின் மேல் மயிரிழைக் கோடுகளாகப் பரவிக் கிடக்கிறது; பிளாஸ்டிக்கை நீக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத்தான் எடுக்க முடியும். நகைப் பட்டறைச் சுத்திகரிப்புக்காரர்கள் இதைக் கொட்டகையில் செய்து பார்த்தால் வரும் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அந்த மாதிரி ஆளுக்குச் செல்லைக் கொடுக்காதீர்கள்.

6 பேனலுக்காக ஆலையிலிருந்து வண்டி வராது. அவை 111 கிலோதான். 40-ம் சேர்ந்தால் 740 கிலோ, ஒரு குட்டியானை லோடு. ஆகவே பக்கத்தில் சோலார் போட்டிருக்கும் தறிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் யாரிடமெல்லாம் உடைந்தது கிடக்கிறது என்று விசாரித்து, ஒரு லோடு சேர்ந்ததும் அழையுங்கள். சங்கத்தின் வழியாகச் செய்தால் பேரமும் நன்றாக இருக்கும். எடைமேடையில் போட்ட சீட்டு, பேனல்களின் வரிசை எண் பட்டியல், ஜிஎஸ்டி பில், மறுசுழற்சி முடிந்ததற்கான சான்று, இந்த நாலும் கையில் வராமல் லோடை முடிந்ததாக எண்ணாதீர்கள். உடைந்தவற்றுக்கு ஆலை உங்களுக்குக் காசு தரலாம், சும்மா எடுத்துக்கொள்ளலாம், வண்டி வாடகையை உங்கள் தலையில் கட்டலாம். தூரத்தையும் பிரேம் முழுதாக இருப்பதையும் பொறுத்தது அது.

பழைய இன்வெர்ட்டர் மாற்றினால் அதுவும் அதே ஆலைக்குப் போகலாம், அதை எடுக்காத ஆலை குறைவு. யுபிஎஸ் பேட்டரி இருந்தால் கலக்காதீர்கள். ஈய பேட்டரி உட்பட எல்லா பேட்டரிகளுக்கும் 2022 ஆகஸ்டில் தனி விதிகள் வந்துவிட்டன, புதியது வாங்கும் கடையில் அமிலத்தைக் கொட்டாமல் முழுதாக மாற்றிக்கொள்ளுங்கள், நல்ல விலை கிடைக்கும் கழிவு அது ஒன்றுதான்.

புதிதாக எப்போதாவது போடும்போது, ஆர்டர் எழுதும் தாளிலேயே மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பேனல் தயாரிப்பாளரின் மின்னணுக் கழிவுப் பதிவு எண், ஒவ்வொரு பேனலின் வரிசை எண், ஆயுள் முடிந்தபின் திரும்ப எடுத்துக்கொள்வது யார் பொறுப்பு என்பது. மூன்றாவது வரியை எழுதக் கைகூசும் கம்பெனியிடம், விலை எவ்வளவு குறைத்தாலும், யோசித்து வாங்குங்கள்.